கைதட்டியவர்கள் ஏன் விண்ணப்பிக்கவில்லை?

கேள்வி:

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குள் காலெடுத்து வைத்த முதல் ஆள் நான். அப்பா, அம்மா இருவருக்கும் கூலி வேலை. நான் இப்போது இளங்கலை இறுதி ஆண்டில் இருக்கிறேன். என்னைப் போன்ற வீடுகளிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு மற்றவர்களுக்குச் சமமான கல்வி கிடைக்க வேண்டும், அதற்காக வேலை செய்ய வேண்டும் என்பது என் ஆசை. போன வருடம் நான் படித்த பள்ளிக்கே போய், எவ்வளவு கஷ்டப்பட்டுப் படித்தேன் என்று பேசினேன். எல்லோரும் கைதட்டினார்கள். சிலர் அழுதார்கள். ஆனால் அவர்களில் மிகச் சிலரே கல்லூரிக்கு விண்ணப்பித்தார்கள். என் பேச்சில் என்ன குறை?

வகுப்பில் ஒரு பேராசிரியர் என்னை எழுந்து நிற்கச் சொல்லி, "இவன் வீட்டு நிலைமைக்கு இவனே இப்படிப் படிக்கும்போது உங்களுக்கெல்லாம் என்ன?" என்று மற்றவர்களைக் கேட்டார். பாராட்டுதான். ஆனாலும் அன்று முழுக்க மனசு சரியில்லை. கூடப் படிப்பவர்களுக்குத் தெரிந்த பல விஷயங்கள் எனக்குத் தெரிவதில்லை. இன்டர்ன்ஷிப், பரிந்துரைக் கடிதம் எல்லாமே கடைசித் தேதி முடிந்த பிறகுதான் காதில் விழுகின்றன. கேட்கவும் கூச்சம். துறை விழாவுக்குப் பெற்றோரை அழைத்து வரச் சொன்னார்கள். நான் வீட்டில் சொல்லவே இல்லை. அதை நினைத்தால் தூக்கம் வருவதில்லை.

கல்வி தொடர்பாக முதுகலை படிக்க விரும்புகிறேன். வீட்டில் கடன் இருக்கிறது. தங்கை பள்ளிப் படிப்பை முடிக்கப் போகிறாள். உடனே வேலைக்குப் போனால் லட்சியத்தைக் கைவிட்டது ஆகுமா? மேலே படிக்கப் போனால் வீட்டைக் கைவிட்டது ஆகுமா?

பதில்:

அன்புள்ள தம்பிக்கு,

நீங்கள் நாலைந்து கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். கல்லூரி மாணவர்களுக்கு ஆலோசகராக இருக்கும் எனக்கு அவற்றில் பெரும்பாலானவை ஒரே இடத்தில் வேர் விட்டிருப்பதாகத் தோன்றுகிறது. அந்தப் பள்ளிப் பிள்ளைகள் ஏன் விண்ணப்பிக்கவில்லை என்பதும், உங்களுக்கு ஏன் எல்லாமே தாமதமாகத் தெரிகிறது என்பதும் ஒரே விஷயம்தான். அதனால் பள்ளியில் நீங்கள் பேசியதிலிருந்தே தொடங்குகிறேன்.

உங்கள் பேச்சில் குறை இல்லை. படிக்க வேண்டும் என்ற ஆசை அந்தப் பிள்ளைகளிடம் நீங்கள் போவதற்கு முன்பே இருந்தது. ஆசை இல்லாதவர்கள் அழமாட்டார்கள். கூட்டம் முடிந்து வீட்டுக்குப் போன பிறகு என்ன நடந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். எந்தப் படிப்பு, எந்தக் கல்லூரி, எந்தத் தேதிக்குள், என்னென்ன சான்றிதழ், கட்டணம் எவ்வளவு, அதில் எவ்வளவு தள்ளுபடி ஆகும் என்று ஒவ்வொன்றாகக் கேள்விகள் வந்திருக்கும். பதில் சொல்ல வீட்டில் ஆள் இல்லை. விண்ணப்பத்துக்கு மின்னஞ்சல் முகவரி வேண்டும். யாரோ போட்டுக் கொடுத்த முகவரிக்குப் பாஸ்வேர்டு தெரியாது. போன் நம்பர் மாறிவிட்டது, ஓடிபி வராது. ஒரு சான்றிதழில் அப்பா பெயர் ஒரு மாதிரி, இன்னொன்றில் வேறு மாதிரி. இப்படி ஒரு சின்ன இடத்தில் நின்றுபோனவர்களைத்தான் பிறகு எல்லோரும் "ஆர்வம் இல்லை" என்று சொல்லிவிடுகிறார்கள்.

இது என் ஊகம் மட்டும் இல்லை. அமெரிக்காவில் கல்லூரி நிதியுதவி பெற ஃபாஃப்சா என்ற படிவத்தை நிரப்ப வேண்டும். அந்த நாட்களில் அதில் நூற்றுக்கும் மேற்பட்ட கேள்விகள் இருந்தன. பொருளாதார ஆய்வாளர்கள் சிலர், வரிக்கணக்குத் தாக்கல் செய்ய ஒரு நிறுவனத்துக்கு வந்த குறைந்த வருமானக் குடும்பங்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். முடிவுகள் 2012-ல் வெளிவந்தன. ஒரு பிரிவினருக்கு அங்கேயே உட்கார வைத்துப் படிவத்தை நிரப்பிக் கொடுத்தார்கள். பெரும்பாலான விவரங்கள் வரிக்கணக்கிலேயே இருந்ததால் அதற்குச் சில நிமிடங்கள்தான் ஆயின. இன்னொரு பிரிவினருக்கு, "உங்கள் குடும்பத்துக்கு இவ்வளவு உதவி கிடைக்கக்கூடும், விண்ணப்பியுங்கள்" என்று தகவல் மட்டும் கொடுத்தார்கள். மூன்றாவது பிரிவினருக்குப் பொதுவான ஒரு துண்டுப் பிரசுரம் மட்டும்தான். படிவம் நிரப்ப உதவி பெற்ற குடும்பங்களில், பள்ளி இறுதி வகுப்பில் இருந்த பிள்ளைகளில் அடுத்த மூன்று ஆண்டுகளுக்குள் கல்லூரியில் இரண்டு ஆண்டுகள் படித்து முடித்தவர்கள் 28 சதவீதத்திலிருந்து 36 சதவீதமாக உயர்ந்தார்கள். தகவல் மட்டும் பெற்றவர்களுக்கும் மூன்றாவது பிரிவினருக்கும் இடையே சொல்லும்படியான வித்தியாசமே இல்லை.

இதை ஒரு முறைக்கு இரண்டு முறை படியுங்கள். தகவலும் ஊக்கமும் கொடுத்தும் ஒன்றும் நகரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து சில நிமிடம் படிவம் நிரப்பியது, கல்லூரிப் படிப்பு வரைக்கும் கொண்டுபோய் விட்டது. நீங்கள் பள்ளியில் செய்தது இரண்டாவது பிரிவுக்கு நடந்தது போன்ற ஒன்று. அடுத்த முறை முதல் பிரிவுக்குச் செய்ததைச் செய்யுங்கள்.

மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் நடந்த இன்னொன்றையும் சொல்கிறேன். அங்கே வசதி குறைந்த நல்ல மாணவர்களுக்குக் கட்டணம் பெரும்பாலும் இலவசமாகவே இருந்தது. ஆனால் அது பல படிவங்களுக்கும் பரிசீலனைக்கும் பிறகு, கடைசியில்தான் தெரியவரும். 2015-ல் ஒரு சோதனையாக, தகுதியுள்ள மாணவர்களுக்கு முன்கூட்டியே ஒரு கடிதம் அனுப்பினார்கள். "இடம் கிடைத்தால் நான்கு ஆண்டுகளுக்கும் கட்டணம் இல்லை, அதற்காக நீங்கள் எந்த நிதிப் படிவமும் நிரப்ப வேண்டாம்" என்று அதில் உறுதியாகச் சொன்னார்கள். பெற்றோருக்கும் பள்ளித் தலைமையாசிரியருக்கும்கூடத் தெரிவித்தார்கள். கடிதம் வராத மாணவர்களில் 26 சதவீதம் பேர் விண்ணப்பித்தார்கள். கடிதம் வந்தவர்களில் 68 சதவீதம். சேர்ந்தவர்களின் எண்ணிக்கை இரண்டு மடங்குக்கும் மேல் ஆனது. கிடைக்கப்போகும் பண உதவி பெரிதாக மாறவில்லை. "கிடைக்கலாம்" என்பது "கிடைக்கும்" ஆனது, அவ்வளவுதான். ஏழை வீட்டில் "கிடைக்கலாம்" என்பதை நம்பி ஒரு வருடத்தைப் பணயம் வைக்க முடியாது. இதைப் புரிந்துகொள்ளாமல் அந்தப் பிள்ளைகளுக்குத் தன்னம்பிக்கை வகுப்பு எடுப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாகத்தான் இருக்கும்.

சரி, அப்படியானால் பள்ளியில் என்ன செய்யலாம்? முழுப் பள்ளியையும் கூட்டாதீர்கள். உங்கள் நேரத்துக்குத் தகுந்த மாதிரி ஒரு சின்னக் குழுவை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் சந்திப்பிலேயே ஒவ்வொருவருக்கும் சொந்தமாக ஒரு மின்னஞ்சல் முகவரி, எழுதி வைத்த பாஸ்வேர்டு, மாறாத ஒரு போன் நம்பர் இருக்கும்படி செய்யுங்கள். எல்லாச் சான்றிதழ்களிலும் பெயரும் பிறந்த தேதியும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். இதற்கே பாதி நாள் போகும். திருத்தம் செய்ய அலுவலகங்களில் வாரக்கணக்கில் ஆகும் என்பதால் இதைத் தள்ளிப்போடக் கூடாது. அப்புறம் கடைசித் தேதிகளை ஒரே தாளில் எழுதுங்கள். விண்ணப்பத்தை அவர்களையே நிரப்பச் சொல்லுங்கள், நீங்கள் பக்கத்தில் இருங்கள். அனுப்பியதும் வரும் ஒப்புகையைப் பத்திரப்படுத்தச் சொல்லுங்கள். கட்டணத் தள்ளுபடி, உதவித்தொகை விவரங்களை முடிந்தவரை கல்லூரியிலிருந்தே எழுத்தில் வாங்கிப் பெற்றோரிடம் காட்டுங்கள்.

இடம் கிடைத்ததும் வேலை முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். இடம் கிடைத்து, சேருவேன் என்று உறுதி சொன்ன பிறகும், வகுப்பு தொடங்கும் நாளில் வராமல் போகிறவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்க ஆய்வுகளில் இது பத்து முதல் இருபது சதவீதம் வரை என்று கணக்கிட்டிருக்கிறார்கள். வசதி குறைந்த பிள்ளைகளிடம் இன்னும் அதிகம். அந்த இரண்டு மூன்று மாதங்களில் பள்ளி கையை விட்டிருக்கும், கல்லூரி இன்னும் கையைப் பிடித்திருக்காது. முன்பணம், மருத்துவச் சான்று, தங்கும் இடம் என்று வரிசையாக வரும். குறுஞ்செய்தியில் நினைவூட்டினால் போதும் என்று தொடக்கத்தில் சில சோதனைகள் காட்டின. பிறகு நிதியுதவிப் படிவத்தை நிரப்பச் சொல்லி, இதே போன்ற நினைவூட்டல்களைப் பெரிய அளவில் எட்டு லட்சம் மாணவர்களுக்கு அனுப்பிப் பார்த்தபோது பலன் இல்லை. எங்கிருந்தோ வரும் செய்தியை யாரும் மதிப்பதில்லை. தெரிந்த அண்ணன் போன் செய்து "அந்தச் சான்று வாங்கிட்டியா?" என்று கேட்டால் அது வேறு. அந்த மாதங்களில் உங்கள் குழுவில் உள்ளவர்களை வாரத்துக்கு ஒரு முறையாவது கூப்பிடுங்கள்.

இனி, பேராசிரியர் உங்களை எழுப்பி நிறுத்திய விஷயம். உங்கள் மனம் சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. அவர் நல்லெண்ணத்தில் சொல்லியிருக்கலாம். ஆனால் "இவனே படிக்கிறான்" என்பதற்குள், படிக்க முடியாமல் போனவர்களின் மீது ஒரு குற்றச்சாட்டு இருக்கிறது. உங்கள் தெருவில் உங்களுக்கு நிகராகப் படித்து, பாதியில் நின்றுபோன நண்பர்கள் இருப்பார்கள். அவர்களிடம் இல்லாதது உங்களிடம் என்ன இருந்தது? ஒருவேளை ஒரு ஆசிரியர் சொந்தப் பணத்தில் கட்டணம் கட்டியிருப்பார். ஒருவேளை அந்த வருடம் உங்கள் வீட்டில் யாருக்கும் உடம்பு சரியில்லாமல் போகவில்லை. அது நடந்திருந்தால் நீங்களும் நின்றிருப்பீர்கள். ஒருவர் தப்பித்து வந்தார் என்பதை வைத்து வழி நன்றாக இருக்கிறது என்று சொல்ல முடியாது. கல்விச் சமத்துவத்துக்காக வேலை செய்யப் போகிறவர் நீங்கள். உங்களையே விதிவிலக்காகக் காட்டி, விதியை அப்படியே விட்டுவிடும் பேச்சு எங்கே வந்தாலும் அதைக் கவனியுங்கள். மேடையில் நீங்களே பேசும்போதும்தான்.

அதற்காகக் கதை சொல்லவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எப்படிச் சொல்கிறோம் என்பதில் இருக்கிறது. 2014-ல் நிக்கோல் ஸ்டீஃபன்ஸ் என்ற உளவியல் ஆய்வாளரும் அவருடன் பணியாற்றியவர்களும் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். கல்லூரியில் புதிதாகச் சேர்ந்தவர்கள், சீனியர் மாணவர்கள் பேசுவதை ஏறக்குறைய ஒரு மணி நேரம் கேட்டார்கள். ஒரு கூட்டத்தில் சீனியர்கள் பொதுவான அறிவுரை சொன்னார்கள். இன்னொரு கூட்டத்தில் அதே சீனியர்கள் தங்கள் வீட்டுப் பின்னணியையும் சேர்த்துச் சொன்னார்கள். "என் பெற்றோர் கல்லூரிக்குப் போனதில்லை, அதனால் எந்தப் பாடம் எடுப்பது என்று அவர்களிடம் கேட்க முடியவில்லை, நான் இன்ன ஆலோசகரிடம் போய்க் கேட்டேன்" என்ற மாதிரி. இரண்டாவது கூட்டத்தில் உட்கார்ந்த முதல் தலைமுறை மாணவர்கள் அந்த ஆண்டு பேராசிரியர்களிடமும் ஆலோசகர்களிடமும் அதிகமாக உதவி கேட்டார்கள். ஆண்டு முடிவில், அவர்களுக்கும் படித்த வீட்டுப் பிள்ளைகளுக்கும் இடையிலிருந்த மதிப்பெண் இடைவெளி 63 சதவீதம் குறைந்தது.

"கஷ்டப்பட்டேன், ஜெயித்தேன்" என்பது கேட்பவருக்குக் கையில் எதையும் கொடுப்பதில்லை. "இந்த இடத்தில் மாட்டிக்கொண்டேன், அதற்குக் காரணம் என் வீட்டில் இது தெரியாது, இன்னாரிடம் போனேன், இப்படிக் கேட்டேன்" என்பது கொடுக்கிறது. அடுத்த முறை பள்ளியில் பேசினால் இந்த வகையில் பேசுங்கள். உங்களுக்கு உதவியவர்களை மறைக்காதீர்கள். தனியாகவே சாதித்ததாகச் சொன்னால், உதவி கேட்பது கேவலம் என்று அந்தப் பிள்ளைகள் எடுத்துக்கொள்வார்கள்.

இதையேதான் உங்களிடமும் சொல்ல வேண்டியிருக்கிறது. நீங்கள் கேட்கக் கூச்சப்படுகிறீர்கள். கூடப் படிப்பவர்களுக்கு இன்டர்ன்ஷிப் பற்றி யார் சொன்னார்கள் என்று நினைக்கிறீர்கள்? அக்காவோ மாமாவோ பக்கத்து வீட்டுக்காரரோ சாப்பாட்டு நேரத்தில் சொல்லியிருப்பார்கள். அவர்கள் கேட்காமலே கிடைத்தது. நீங்கள் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான். என் அறைக்கு வரும் மாணவர்களில், உதவி மிகவும் தேவைப்படுகிறவர்கள்தான் "தொந்தரவுக்கு மன்னிக்கணும்" என்று ஆரம்பிப்பார்கள். நல்ல மதிப்பெண் இருக்கும், வசதியான வீடு இருக்கும், அவர்கள்தான் கதவைத் தட்டாமலே உள்ளே வந்து சின்னச் சந்தேகத்துக்கு அரை மணி நேரம் உட்காருவார்கள். அவர்கள் செய்வது தப்பு இல்லை, நான் அதற்காகத்தான் அங்கே இருக்கிறேன். உங்களுக்காகவும் இருக்கிறேன், உங்கள் கல்லூரியில் உள்ளவர்களும் அப்படித்தான்.

எப்படிக் கேட்பது என்று தெரியாமல் நிறைய பேர் நின்றுவிடுகிறார்கள். பெரிதாக ஒன்றும் தேவையில்லை. உங்கள் பாடத்தை மதித்துப் படிப்பிக்கும் ஒரு ஆசிரியரிடம் போய், "சார், என் வீட்டில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். இந்தத் துறையில் படித்தவர்கள் அடுத்து என்ன செய்வார்கள், அதற்கு எப்போதிருந்து தயாராக வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. பத்து நிமிடம் கொடுக்க முடியுமா?" என்று கேளுங்கள். இப்படி நேராகக் கேட்கும் மாணவனை ஒரு நல்ல ஆசிரியர் மறக்கமாட்டார். ஒருவர் முகம் சுளித்தால் இன்னொருவரிடம் போங்கள். பரிந்துரைக் கடிதம் வேண்டுமென்றால் குறைந்தது மூன்று வாரம் முன்னால் கேட்க வேண்டும். உங்கள் மதிப்பெண், செய்த வேலைகள், எதற்கு விண்ணப்பிக்கிறீர்கள், கடைசித் தேதி ஆகியவற்றை ஒரே பக்கத்தில் எழுதிக் கையில் கொடுத்துவிடுங்கள். நீங்கள் அந்தப் பள்ளியில் எடுத்த முயற்சியையும் அதில் எழுதுங்கள். அது உங்களுக்கு மட்டுமே இருக்கும் தகுதி.

பணம் பற்றிய கவலை இருக்கும்போது பாடத்தில் மனம் நிற்பதில்லை என்று உங்கள் கடிதத்தில் நேராக இல்லாவிட்டாலும் எனக்குத் தெரிகிறது. அதை உங்கள் திறமைக் குறைவு என்று நினைத்துவிடாதீர்கள். தமிழ்நாட்டுக் கரும்பு விவசாயிகளை வைத்து நடத்திய ஒரு ஆய்வு 2013-ல் சயின்ஸ் இதழில் வந்தது. கையில் காசில்லாத அறுவடைக்கு முந்தைய காலத்திலும், பணம் வந்த பிறகும், அதே விவசாயிகளுக்கு அதே வகைச் சோதனைகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். அறுவடைக்கு முன் அவர்களுடைய கவனமும் பகுத்தறியும் திறனும் குறைவாக இருந்தன. ஆள் அதே ஆள்தான். தேர்வு நேரத்தில் கட்டண பாக்கி பற்றி யோசித்துக்கொண்டு உட்காரும் மாணவனுக்கும் இதுதான் நடக்கிறது. அதனால் பணச் சிக்கல் வந்தால் கடைசி வரை தனியாகத் தாங்கிக்கொண்டு இருக்காதீர்கள். தவணை கேட்கலாம், அவசர நிதி இருக்கிறதா என்று விசாரிக்கலாம். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலப் பல்கலைக்கழகத்தில், சிறிய பாக்கித் தொகைக்காக ஒவ்வொரு பருவத்திலும் ஏராளமான மாணவர்கள் நீக்கப்படுவதைக் கவனித்து, 2011-ல் அந்தப் பாக்கியைத் தாங்களே கட்டிவிடும் சிறு உதவித்தொகையைத் தொடங்கினார்கள். பட்டத்துக்கு நெருங்கிவிட்ட பலரை அது கரையேற்றியிருக்கிறது. உங்கள் கல்லூரியில் அப்படி ஒன்று இல்லையென்றால், வேண்டும் என்று மாணவர்கள் சேர்ந்து கேட்பதே கல்விச் சமத்துவத்துக்கான வேலைதான்.

அப்பா அம்மாவை விழாவுக்கு அழைக்காதது பற்றி. இதை எழுதியதற்கு உங்களுக்குத் துணிவு வேண்டியிருந்திருக்கும். என்னிடம் இதைச் சொல்லி அழுத பிள்ளைகள் பலர். நீங்கள் மட்டும் இல்லை. உங்கள் பெற்றோரை நீங்கள் குறைவாக நினைக்கவில்லை. மற்றவர்கள் அவர்களைக் குறைவாகப் பார்த்துவிடுவார்களோ என்று பயந்தீர்கள். அந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கிறது, அப்படிப் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். ஆனாலும் வீட்டில் சொல்லிவிடுங்கள். "ஒரு விழா இருந்தது, உங்களுக்குச் சங்கடமாக இருக்குமோ என்று நினைத்துச் சொல்லாமல் விட்டேன், அது தப்பு" என்று இரண்டு வாக்கியம் போதும். நீண்ட விளக்கம் வேண்டாம், அது அவர்களை இன்னும் காயப்படுத்தும்.

பிறகு விழா எதுவும் இல்லாத ஒரு சாதாரண நாளில் அவர்களைக் கூட்டிக்கொண்டு போங்கள். நீங்கள் உட்காரும் இடம், நூலகம், ஆய்வகம் எல்லாம் காட்டுங்கள். நீங்கள் நம்பும் ஒரு ஆசிரியருக்கு அறிமுகப்படுத்துங்கள். கல்லூரி என்றால் அவர்களுக்கும் பயம் இருக்கும். எங்கே நிற்பது, யாரிடம் என்ன பேசுவது, கையெழுத்துப் போடச் சொன்னால் என்ன செய்வது என்று யோசிப்பார்கள். எப்போது போகிறோம், யாரைப் பார்க்கிறோம், எவ்வளவு நேரம், அவர் என்ன கேட்பார் என்பதையெல்லாம் முன்கூட்டியே சொல்லிவிட்டால் அந்தப் பயம் பாதியாகக் குறையும். அடுத்த விழாவுக்கு அவர்கள் ஏற்கனவே தெரிந்த ஒரு இடத்துக்கு வருவார்கள்.

இனி வேலையா, மேற்படிப்பா என்ற கேள்வி. கல்லூரிகள் பொதுவாக "உன் கனவைத் தேடிப் போ, சொந்தக் காலில் நில்" என்று பேசும். வீட்டுக்காகப் படிக்க வந்த பிள்ளைக்கு அந்தப் பேச்சு, தன்னிடமே ஏதோ கோளாறு இருப்பதாகத் தோன்ற வைத்துவிடும். வீட்டைத் தூக்கிவிட வேண்டும் என்று படிப்பது குறைந்த லட்சியம் இல்லை. அதனால் லட்சியம், வீடு என்று தராசின் இரண்டு தட்டில் வைத்து நிறுக்காதீர்கள். கணக்குப் போடுங்கள். கடன் அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு, மாதம் குறைந்தபட்சம் எவ்வளவு கட்டினால் அது வளராமல் நிற்கும், தங்கையின் முதல் வருடச் செலவில் உதவித்தொகை போக மீதி எவ்வளவு. இதைத் தாளில் எழுதிப் பெற்றோரோடு உட்கார்ந்து பேசுங்கள். நிறைய வீடுகளில் பிள்ளை "என் சம்பளத்தைத்தான் எதிர்பார்க்கிறார்கள்" என்று நினைத்துக்கொண்டிருக்கும். பெற்றோர் "அவன் படிப்பை நம்மால் கெடுக்கிறோமே" என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள். யாரும் தொகையைச் சொல்லிப் பேசியிருக்கமாட்டார்கள்.

என் கருத்தைக் கேட்டால், முதுகலைக்கு விண்ணப்பியுங்கள், வேலைக்கும் விண்ணப்பியுங்கள், இரண்டும் இந்த ஆண்டே. கட்டணம் இல்லாமல், மாத உதவித்தொகையோடு இடம் கிடைத்து, அதில் வீட்டுக்குக் கொஞ்சமாவது அனுப்ப முடியும் என்றால் போய்ச் சேருங்கள். புதிதாகக் கடன் வாங்கித்தான் படிக்க முடியும் என்றால் இப்போது வேண்டாம். கல்வித் துறையில் தொடக்கச் சம்பளம் பெரிதாக இருக்காது, இருக்கும் கடன் மேல் இன்னொரு கடனை அது தாங்காது. இரண்டு மூன்று வருடம் வேலைக்குப் போங்கள். எந்த ஆண்டு மறுபடி விண்ணப்பிக்கப் போகிறீர்கள் என்பதையும் அதே தாளில் எழுதி, வீட்டில் எல்லோருக்கும் தெரியும்படி வையுங்கள். தேதி போடாத திட்டம் தள்ளிக்கொண்டே போகும், நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

அந்த வருடங்கள் வீண் என்று நினைக்க வேண்டாம். நியூயார்க் நகரப் பல்கலைக்கழகத்தில் 2007-ல் ஏசாப் என்று ஒரு திட்டம் தொடங்கினார்கள். வசதி குறைந்த மாணவர்களுக்கு உதவித்தொகை போக மீதிக் கட்டணம், பாடப்புத்தகம், பயணச் சீட்டு, அடிக்கடி சந்திக்கும் ஒரு ஆலோசகர் எல்லாம் ஒரே கட்டாகக் கொடுத்தார்கள். இரண்டு ஆண்டுப் பட்டத்தை மூன்று ஆண்டுகளுக்குள் முடித்தவர்கள் 22 சதவீதத்திலிருந்து 40 சதவீதமானார்கள். ஒரு மாணவருக்கான செலவு கூடியது, ஆனால் பட்டம் பெற்றவர்களின் எண்ணிக்கை அதைவிட வேகமாகக் கூடியதால் ஒரு பட்டத்துக்கான செலவு குறைந்தது. இந்தக் கடைசி வரிதான் நிதி ஒதுக்குபவர்களிடம் பேசும் வரி. அதைச் சொல்ல, கணக்கு எழுதத் தெரிந்தவர்கள், தரவுகளைக் கையாளத் தெரிந்தவர்கள், அலுவலகம் எப்படி நடக்கிறது என்று தெரிந்தவர்கள் வேண்டும். வங்கியிலோ கணினி நிறுவனத்திலோ பள்ளி அலுவலகத்திலோ நீங்கள் கற்றுக்கொள்வது பின்னால் இதற்கு உதவும். வேலையில் இருந்துகொண்டே வார இறுதியில் அந்தப் பள்ளிக் குழுவையும் நடத்தலாம்.

முதுகலை விண்ணப்பத்தில் நோக்க அறிக்கை, அதாவது ஏன் இதைப் படிக்க வருகிறீர்கள் என்று நீங்களே எழுதும் கட்டுரை, கேட்பார்கள். வறுமையை மட்டும் எழுதி அதை நிரப்பிவிடாதீர்கள். உங்கள் கஷ்டத்தைக் காட்டி இடம் கேட்க வேண்டிய நிலையில் நீங்கள் இல்லை. விண்ணப்பிக்காமல் போன பிள்ளைகளில் சிலரைச் சந்தித்து, சரியாக எந்த இடத்தில் நின்றுபோனார்கள் என்று கேட்டு எழுதி வையுங்கள். சான்றிதழா, பணமா, வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா, வழித்துணை இல்லையா என்று பாருங்கள். அந்தக் குறிப்புகளையும், அதற்காக நீங்கள் மாற்றிச் செய்ததையும், அதில் எது பலித்தது, எது பலிக்கவில்லை என்பதையும் எழுதினால், தேர்வுக் குழுவுக்கு உங்களில் ஒரு ஆய்வு மாணவர் தெரிவார்.

கடைசியாக, தங்கை. ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் விண்ணப்பம் நிரப்பும் மும்முரத்தில் வீட்டுப் பிள்ளையின் கடைசித் தேதி தவறிப்போவதைக் கண்டிருக்கிறேன். அவள் என்ன படிக்க ஆசைப்படுகிறாள் என்று உங்கள் கடிதத்தில் இல்லை, கேட்டீர்களா என்று தெரியவில்லை. கேளுங்கள். உங்கள் குழுவில் முதல் பெயராக அவளைச் சேர்த்துக்கொள்ளுங்கள், அவளுடைய சான்றிதழ்களை இந்த வாரமே எடுத்து, பெயர் எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆலோசகர்